விளக்கெண்ணெயில் ஓடிய ராக்கெட்!

"ராக்கெட் விடத் தெரியுமா, மாப்ளே?"

அத்தான் இப்படிக் கேட்டபோது நான் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் என்கிற ஊரில், அக்கா வீட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தயிர் சாதமும் நார்த்தங்காயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாய் நிறைய சாதம் இருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். ஆட்டிவிட்டேன்.

தெரியாமல் என்ன? திருநெல்வேலியில் வருஷா வருஷம் தீபாவளிக்கு சோடா பாட்டிலில் சொருகி விட்டவன்தானே! ஒரே ஒரு வருஷம் அது எதிர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த பட்டு வேட்டிக்குள்... சரி, அது இப்போது எதற்கு?

அந்த ஒரு தலையாட்டலுக்காக நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

2025 மார்ச் மாதம். அம்மாவுக்கு மகளைப் பார்க்க ஆசை. தனியாக விமானம் ஏற பயம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் பி.காம். பட்டதாரியான எனக்கு லீவு கொடுக்கவும் ஆளில்லை, சம்பளம் பிடிக்கவும் ஆளில்லை. துணைக்கு என்னை விட்டால் யார்? டிக்கெட் செலவு அத்தான் தலையில். வந்த இடத்தில் ஏதாவது வேலை சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலைமை. புரிகிறதா?

ஹன்ட்ஸ்வில் சாதாரண ஊர் இல்லை. நம்ம பக்கம் ஊருக்குள் பஸ் நுழையும்போது தூரத்தில் கோபுரம் தெரியுமே, அந்த மாதிரி இங்கே நெடுஞ்சாலையில் வரும்போதே ஒரு ராக்கெட் தெரிகிறது. சாட்டர்ன்-5. 1969-ல் மனிதனை நிலவுக்கு ஏற்றிப்போன அதே ரகம். 363 அடி உயரம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைவிட நூறு அடிக்கு மேல் அதிகம். அம்மா காருக்குள்ளிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அத்தே, அது டம்மி" என்றார் அத்தான். வெளியே நிற்பது 1999-ல் வைத்த மாதிரியாம். அசல் ராக்கெட்டைப் பக்கத்திலேயே நீளமாக ஒரு மண்டபம் கட்டிப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். நிலவுக்குப் போகும் முன்னால் தரையில் வைத்து உலுக்கிப் பார்த்துச் சோதிப்பதற்காகச் செய்த ராக்கெட் அது. மேலே போனதே இல்லை. ஆனால் ஒரிஜினல்.

அம்மா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "நிக்கிறது உற்சவர், படுத்திருக்கிறது மூலவர். ஸ்ரீரங்கந்தான்!"

அந்த விண்வெளி மியூசிய வளாகத்தில் ஒரு குரங்குக்குச் சமாதி இருக்கிறது. மிஸ் பேக்கர் என்று பெயர். கையளவு அணில் குரங்கு. 1959 மே 28-ம் தேதி ஜூபிடர் ராக்கெட்டின் மூக்கில் உட்கார்ந்து விண்வெளிக்குப் போய், உயிரோடு திரும்பி, 1984 வரை சௌக்கியமாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவள். வருகிறவர்கள் கல்லறை மேல் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். நிஜமாகத்தான். நான் போன அன்றைக்கு மூன்று பழம் இருந்தது. அம்மா கைப்பையிலிருந்து நாலாவதை வைத்தாள். ஏழு கடல் தாண்டி வந்தும் ஒரு ஆஞ்சநேயர் சந்நிதி கிடைத்த திருப்தி அவளுக்கு.

1950 வாக்கில் இந்த ஊரில் பதினாறாயிரம் பேர்தான் இருந்தார்களாம். பருத்தி, பஞ்சாலை, அவ்வளவுதான் பிழைப்பு. அந்த வருஷம் வெர்னர் வான் பிரவுன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தன் கூட்டத்தோடு இங்கே வந்து இறங்கினார். 1960-ல் நாசாவின் மார்ஷல் மையம் வந்தது. சாட்டர்ன்-5 இங்கேதான் உருவானது. 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். மாநிலத்திலேயே பெரிய ஊர் இதுதான். ஊர் நடுவில் அவர் பெயரில் ஒரு அரங்கமே இருக்கிறது.

அதே மனிதர்தான் அதற்கு முன்னால் ஹிட்லரின் ராணுவத்துக்கு வி-2 ராக்கெட் செய்து கொடுத்தவர். அதைச் செய்த சுரங்கத் தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்திருக்கிறார்கள். அத்தான் இதைச் சொன்னதும் அம்மா, "அந்தப் பாவத்துக்கு அவரு என்ன பதில் சொன்னாராம்?" என்றாள். அத்தான் சிக்னலைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். அன்றைக்கு அந்த அரங்கத்துக்குள் நாங்கள் போகவில்லை.

ஊரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், பக்கத்து வீட்டு அப்பாவும் எதிர்வீட்டு அம்மாவும் நிஜமாகவே ராக்கெட்டுக்குச் சம்பளம் வாங்குகிற ஊரில், எட்டு வயசுப் பையன் ஒருத்தன் பொம்மை ராக்கெட் செய்து போட்டியில் விட வேண்டும். அவனுக்குத் துணை யார்? அலங்காநல்லூரில் ஆட்டுக்குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினது மாதிரி... அடியேன்!

பையன் என் அக்கா மகன். முறைப்படி எனக்கு மருமகன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, மருமகன் மட்டும் எட்டு வயசில் ரெடி.

இவன் கப் ஸ்கவுட்டில் இருக்கிறான். சாரணர் இயக்கத்தின் குட்டிப் பிரிவு. அமெரிக்காவில் 1930-லிருந்து இருக்கிறது. பையன்களுக்கு மட்டும் என்றிருந்ததில் 2018-லிருந்து பெண் குழந்தைகளும் சேர்ந்தார்கள். தாய்ச்சங்கமும் 2025 பிப்ரவரியில் 'பாய்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயர் மாற்றிக்கொண்டது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாதிரி இங்கே மிருகங்கள். சிங்கமாகச் சேர்ந்து, புலியாகி, அப்புறம் ஓநாயாகி, அதற்கப்புறம் கரடியாவார்கள். சிங்கத்திலிருந்து ஓநாய்க்கு இது என்ன ப்ரமோஷன் என்று கேட்காதீர்கள். உங்கள் ஆபீஸில் நடக்காததா?

என் மருமகன் அப்போது ஓநாய். அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை மனசு ஆறவில்லை. "தங்கம் மாதிரி பிள்ளை, அவனைப் போய்..."

வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ போட்டி வைப்பார்கள். மரக்கட்டையைச் செதுக்கிச் சரிவுப் பாதையில் உருட்டுகிற கார் ரேஸ்தான் ரொம்பப் பிரபலம். 1953-ல் கலிஃபோர்னியாவில் ஒரு அப்பா ஆரம்பித்தது. கூரைத் தண்ணீர் இறங்குகிற தகரத் தொட்டியில் படகு விட்டு வாயால் ஊதித் தள்ளும் போட்டியும் உண்டு. மூன்றாவது, 'ஸ்பேஸ் டெர்பி.' ராக்கெட் ரேஸ். வெடி, நெருப்பு எதுவும் கிடையாது. ரப்பர் பேண்டுதான் எஞ்சின்!

ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொடுப்பார்கள். உள்ளே பால்சா மரத்தில் இரண்டு பாதிக் கட்டைகள். இது தென் அமெரிக்க மரம். தேக்கில் ஏறக்குறைய கால்வாசி எடைதான். பன் ரொட்டியைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது. நடுவில் பள்ளம் தோண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் உள்ளே குழாய் மாதிரி ஓட்டை. வெளியே நம் இஷ்டத்துக்குச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ராக்கெட் உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாலில் பிளாஸ்டிக் காற்றாடி. காற்றாடிக் கொக்கியிலிருந்து மூக்குவரைக்கும் உள்ளே மூன்று ரப்பர் பேண்டு. முதுகில் ஒரு பிளாஸ்டிக் கொண்டி. தூண்டில் நரம்பு, அதாவது தங்கூசியை, மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொண்டியை அதில் மாட்டித் தொங்க விடுவார்கள். காற்றாடியைச் சுற்றி முறுக்கேற்றி விட்டால் விர்ரென்று கம்பியில் ஓடும்.

"இது ராக்கெட்டே இல்ல, மாப்ளே" என்றார் அத்தான். கார் எஞ்சின் கம்பெனியில் எஞ்சினியர். "ராக்கெட்னா எரிபொருளையும் ஆக்ஸிஜனையும் தானே சுமந்துட்டுப் போய், புகையைப் பின்னாடி தள்ளி முன்னாடி போகணும். காத்தே இல்லாத இடத்துல காத்தாடி சுத்தி என்ன பிரயோஜனம்? இது றெக்கை இல்லாத ஏரோப்ளேன்!"

"அப்பா, ப்ளீஸ்" என்றான் மருமகன்.

அந்த 'ப்ளீஸ்' என்னவோ மாதிரி இருந்தது. ராத்திரி பாத்திரம் துடைக்கும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். முந்தின வருஷம் கார் ரேஸில் இவன்தான் ஃபர்ஸ்ட். ஒரு முழம் உயரத்துக்குக் கோப்பை. ஆனால் காரைச் செய்தது முழுக்க அத்தான். அச்சாணியை பாலீஷ் போட்டு, கிராம் கணக்கில் ஈயம் வைத்து, கிராஃபைட் பொடி தூவி... பையன் செய்த ஒரே வேலை நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினது. அதுவும் கோணல் என்று அத்தான் உரித்துத் திரும்ப ஒட்டினாராம்.

"கோப்பை எங்கே?" என்றேன்.

"அவன் அலமாரியில, கம்பளிச் சட்டைக்குப் பின்னால. யாராவது வந்து அதப்பத்திக் கேட்டா பாத்ரூமுக்குப் போயிருவான்."

எனக்குத் தயிர் சாதம் நெஞ்சிலேயே நின்றது.

நல்லவேளை, அத்தானுக்கு ஆபீஸ் வேலையாக டெக்ஸாஸில் ஒரு வாரம். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சும்மா மேற்பார்வை மட்டும் பாத்துக்க. ஆனா சுவர் கனமில்லாம சீவச் சொல்லு. மூக்கு கூர்மையா வேணும். பேலன்ஸ் முக்கியம். எடை..." என்று ஆரம்பித்தவர் விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் போய்விட்டார்.

நான் பெருந்தன்மையாக ஒரு முடிவெடுத்தேன். கையே வைக்கப் போவதில்லை. பையன் செய்யட்டும். நான் எம்.ஜி.ஆர். படத்து நீதிபதி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். மருமகன் காகிதத்தில் படம் போட்டு வெட்டி, கட்டை மேல் வைத்துப் பென்சிலில் கோடு போட்டான். அக்கா மேற்பார்வையில் சீவினான். தேய்த்தான். வீடெல்லாம் பொடி. படத்தில் சாட்டர்ன்-5 மாதிரி இருந்தது கட்டையில் கத்தரிக்காய் மாதிரி வந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் புடைப்பு. "இட்ஸ் ஓகே, மாமா?" என்றான். "பிரமாதம்!" என்றேன். பொய் இல்லை. சந்தையில் வைத்தால் வாங்குகிற கத்தரிக்காய்தான்.

ரப்பர் விஷயத்தில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு. முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகமிருக்கும். தீர்ந்துபோன நூல்கண்டு மரக்கட்டை, அதன் ஓட்டைக்குள் ரப்பர் பேண்டு, ஒரு பக்கம் தீக்குச்சியை ஒடித்துச் சொருகி, மறுபக்கம் மெழுகுவர்த்தித் துண்டு, அதில் ஒரு ஈர்க்குச்சி. முறுக்கித் தரையில் விட்டால் மிலிட்டரி டாங்கி மாதிரி செருப்பு, புஸ்தகம் எல்லாம் ஏறி இறங்கிப் போகும். அதைப் படம் போட்டு மருமகனுக்கு விளக்கினேன். கண் விரியக் கேட்டான். அமெரிக்காவில் நான் பெற்ற முதல் மரியாதை.

ரப்பர் பேண்டும் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்தான். முறுக்குகிற கையின் உழைப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. விட்டதும் திரும்பி வருகிறது. ஆனால் முழுசாக வராது. கொஞ்சம் சூடாகப் போய்விடும். அது டி.டி.எஸ். இன்னொரு கஷ்டம், வட்டி சீராக வராது. முதல் சில சுற்றில் அசுர வேகம், அப்புறம் பென்ஷன் வாங்குகிற வேகம். ஓடும் தூரத்துக்கு முறுக்கு போதாவிட்டால் நடுக்கம்பியில் நின்றுவிடும். அதிகமாக முறுக்கினால் அறுந்துவிடும். மாசச் சம்பளக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ரப்பர் முறுக்குக்கு வரலாறே இருக்கிறது. 1871-ல் பாரிஸ் பூங்கா ஒன்றில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இருபத்தோரு வயசு இளைஞன் ரப்பர் முறுக்கில் ஓடும் குட்டி விமானத்தைப் பறக்க விட்டுக் காட்டினான். பதினோரு விநாடி. நாற்பது மீட்டர். அவன் கண்டுபிடித்த மாதிரியில் ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மைகள் வந்தன. 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் இரண்டு பையன்களுக்கு அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். பையன்கள் அது உடையும்வரை விளையாடிவிட்டு, தாங்களே புதிதாகச் செய்ய ஆரம்பித்தார்கள். பெரிசாகச் செய்தால் நன்றாகப் பறக்கும் என்று நினைத்துப் பெரிசு பெரிசாகச் செய்ய, அது பறக்கவே மாட்டேன் என்றது. பையன்கள் பெயர் வில்பர், ஆர்வில். ரைட் சகோதரர்கள்தான்! அந்த அப்பா பொம்மையை வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மருமகனின் சிநேகிதி ஒருத்தி வந்தாள். ரெட்டைச் சடை. அவளும் ஓநாய்தான். தன் ராக்கெட்டைக் கொண்டுவந்திருந்தாள். சிவப்புப் பெயின்ட், மேலே கறுப்புப் பொட்டு, பொறிவண்டு மாதிரி. அக்காவின் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார்கள். எங்கள் கத்தரிக்காய் ஒன்பது கிராம் அதிகம். குழந்தைகள் "ஓகே" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். ஒன்பது கிராம் என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ராத்திரி பன்னிரண்டு மணி. விமானப் பயணத்தில் கெட்ட தூக்கம் இன்னும் சரியாகவில்லை. மெதுவாக எழுந்து வந்தேன். மேஜை மேல் ராக்கெட். பக்கத்தில் உப்புத்தாள். ஒரே ஒரு இழுப்பு. அந்தப் புடைப்பை மட்டும். பையனுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. எவ்வளவு வழவழப்பாக வருகிறது! இன்னும் ஒரு இழுப்பு. மூக்குப் பக்கமும் கொஞ்சம். தராசில் வைத்தேன். மூன்று கிராம் குறைந்திருந்தது. ஆஹா! வருஷக் கடைசியில் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகப் போகிற சமயம் ஒரு வெறி வருமே, அந்த வெறி. இன்னும் ஆறு கிராம்தான்...

கிர்ரக்.

சத்தம் சின்னதுதான். ஆனால் அந்த வீடு முழுக்கக் கேட்டது மாதிரி இருந்தது. மூக்குக்குக் கீழே சுண்டுவிரல் நீளத்துக்குச் சில்லு பெயர்ந்து உள்ளே விழுந்திருந்தது. ஓட்டை வழியாக உள்ளே இருட்டு தெரிந்தது.

பசை போட்டு மறைத்துவிடலாமா, எலி கடித்தது என்று சொல்லலாமா (அமெரிக்காவில் எலி உண்டா?), கீழே விழுந்துவிட்டது என்றால் என்ன என்று விடியும்வரை யோசித்தேன். கோப்பை கம்பளிச் சட்டைக்குப் பின்னால் இருப்பது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

காலையில் பாலில் எதையோ போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பார்த்தான்.

"தானா உடைஞ்சுதா? இல்ல..."

"நான்தான்ப்பா. ராத்திரி தேய்ச்சேன்."

"ஏன்?"

இந்த 'ஏன்'-க்கு பி.காமில் பதில் இல்லை. அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை. ஸ்பூனை வைத்தான், பையை மாட்டினான், ஸ்கூல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எதிர்வீட்டுப் பட்டு வேட்டி எரிந்த அன்றைக்கு அப்பா பார்த்ததற்கு அடுத்தபடி அதுதான்.

சாயங்காலம் வந்தான். என்னிடம் பேசவில்லை. நேராக அம்மாவிடம் போனான். "ஆச்சி, நூல் இருக்கா?" அம்மாவின் பையில் இல்லாதது ஏது? வெள்ளை நூல்கண்டு வந்தது. பசையைத் தடவி, பெயர்ந்த சில்லைத் திரும்ப வைத்து, அதன் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றினான். சுற்றி முடித்து மேலே ஒரு பேண்ட்-எய்டும் ஒட்டினான். டைனோசர் படம் போட்டது. நான் உதவிக்கு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"மாமா, உட்காருங்க. கையை மடியில வெச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டேன். அப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு அவனாகவே, "அந்த நூல்கண்டு டாங்கில மெழுகுவர்த்தி எதுக்கு மாமா?" என்றான். சமாதானக் கொடி!

"வழுக்கறதுக்கு. இல்லாட்டி உரசி நின்னுரும்."

"ரப்பர் பேண்டுக்கு?"

மூன்று ரப்பரும் முறுக்கிக்கொள்ளும்போது ஒன்றோடு ஒன்று உரசும். உரசினால் சீக்கிரம் அறும். எண்ணெய் போட வேண்டும், ஆனால் கண்ட எண்ணெய் போட்டால் ரப்பர் கெட்டுவிடும். கிளிசரின் போடலாம். இல்லாவிட்டால்... நானும் அம்மாவும் ஒரே சமயத்தில் சொன்னோம்: "விளக்கெண்ணெய்!"

வயிற்று உபாதைக்கென்று அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அது. பெட்டி கட்டும்போது வேண்டாம் என்று நான் எடுத்துப் போட, எனக்குத் தெரியாமல் சேலைக்குள் சுருட்டி வைத்தாள். மருமகன் ரப்பரை அதில் ஊறவிட்டு, துடைத்து எடுத்தான். கத்தரிக்காயில் காற்றாடி சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது. கரகர என்றிருந்தது, தும்பி றெக்கை மாதிரி ஆனது.

வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தான் வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, ராக்கெட்டைப் பார்த்தார். நூல் கட்டு, டைனோசர் பேண்ட்-எய்டு, புடைப்பு. கை தானாக நீண்டது. "பேலன்ஸ் கொஞ்சம்... ஒரே ஒரு நிமிஷம் குடு, நான்..."

"அப்பா, நீங்களும் உட்காருங்க."

சோபாவில் நானும் அத்தானும் மடியில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில். அம்மா முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். எடுக்கலாமா என்று அத்தான் பையனைப் பார்த்தார்.

சனிக்கிழமை ஒரு சர்ச் மண்டபத்தில் போட்டி. குழந்தைகள் முப்பது பேருக்குக் குறையாது. நாலு தங்கூசிக் கம்பி, வரிசையாக. ஒரு ஓரத்தில் அப்பாக்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தர் சூட்கேஸ் திறக்கிறார், உள்ளே ஸ்பாஞ்சில் குழி வெட்டி ராக்கெட் படுத்திருக்கிறது. நகைக்கடையில் வைர நெக்லஸ் தோற்றது. இன்னொருத்தர் லேப்டாப்பில் எத்தனை முறுக்குக்கு எவ்வளவு தூரம் என்று கிராஃப் வைத்திருக்கிறார். அவருடைய பையன் மேஜைக்கு அடியில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அத்தான் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முறுக்குவதற்குக் கையால் சுற்றுகிற டிரில்லில் கொக்கி மாட்டி வைத்திருந்தார்கள். மருமகன் தானே எண்ணிச் சுற்றினான். நூற்று ஐம்பதில் நிறுத்திக்கொண்டான்.

முதல் சுற்று. வாசல் திறந்தது. மூன்று ராக்கெட் பறந்தது. நம்முடையது பாதி தூரம் போய், தலையைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு, கம்பியில் உரசி நின்றது. கடைசி. அத்தான் என் தொடையைக் கிள்ளினார். மூக்குப் பக்கம் நூலும் பசையும் பேண்ட-எய்டும் சேர்ந்து எடை கூடிவிட்டது. என் உப்புத்தாளின் உபயம்.

மருமகன் ராக்கெட்டைக் கொண்டியில் விரலை மாட்டித் தொங்க விட்டுப் பார்த்தான். சாய்ந்தது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. ரெட்டைச் சடையிடம் போய் என்னவோ கேட்டான். அவள் பையிலிருந்து பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற களிமண்ணை ஒரு கிள்ளு கொடுத்தாள். அதை வால் பக்கம் அப்பினான். தொங்க விட்டான். கொஞ்சம் கிள்ளி எடுத்தான். திரும்பத் தொங்க விட்டான். நேராக நின்றது. கத்தரிக்காய் இன்னும் கனமாகிவிட்டது என்று என் தலைக்குள் தராசு கத்தியது. கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

இரண்டாவது சுற்றில் மூன்றாவது. மூன்றாவது சுற்றில்... நம்ப மாட்டீர்கள், முன்னால் போன இரண்டு ராக்கெட் முக்கால் தூரத்தில் மூச்சு வாங்க, இது வயசான தபால்காரர் சைக்கிள் மாதிரி ஒரே சீராகப் போய் எதிர்ச்சுவர்வரை தொட்டுவிட்டது. இரண்டாவது இடம்! மண்டபத்திலேயே பெரிய சத்தம் திருநெல்வேலி சத்தம். அம்மா குலவை போட்டதில் ஒரு குழந்தை பயந்து அழுதது. கடைசிச் சுற்றில் ரப்பர் ஒன்று அறுந்தது. ஆனாலும் முக்கால் கம்பி போனது.

மொத்தத்தில் பதினான்காவது இடம். பொறிவண்டுக்குத்தான் கோப்பை. சூட்கேஸ் வைரம் ஆறாவது. சூட்கேஸ்காரர் நேராக எங்களிடம் வந்து, அறுந்த ரப்பரை வாங்கி விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "என்ன லூப்ரிகன்ட்?" என்று கேட்டார். நாசாவில் வேலையாம். அம்மா கைப்பையைத் திறந்து பாட்டிலைக் காட்டி, தமிழிலேயே, "வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். மறுநாள் லேசாயிரும்" என்றாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மருமகன் கத்தரிக்காயைத் தன் ரூமில், ஜன்னல் பக்கத்து அலமாரியில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி வைத்தான். களிமண், நூல், டைனோசர் எல்லாவற்றோடும். அத்தான் ரூம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். "அந்தக் களிமண் ஐடியா எனக்கே தோணியிருக்காது, மாப்ளே" என்று என்னிடம் சொன்னார். "அவன்கிட்ட சொல்லுங்க அத்தான்" என்றேன். உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு மருமகன் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் பையில் வைத்தான். பிரிக்காத புது ராக்கெட் பெட்டி.

"இது உங்களுது, மாமா. இதை நீங்க தேய்க்கலாம்."

ஏர்போர்ட்டில் ஸ்கேன் செய்தவர் "உள்ளே என்ன?" என்று கேட்டபோது 'ராக்கெட்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா காலை மிதித்தாள். "பொம்மை" என்றேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு பாதியை உடைத்துவிட்டேன். பெவிகால் காய்ந்துகொண்டிருக்கிறது.